வேலையைச் சரியாகச் செய்தும் நோய் தரும் வினையூக்கி

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள்; இல்லையென்றால் விரைவில் செய்வீர்கள். ஒரு சோதனைக் குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் இருக்கிறது. பார்ப்பதற்குத் தண்ணீர் போலச் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு சிட்டிகை மங்கனீசு டைஆக்சைடு தூளைப் போட்டதும் குபுகுபுவென்று நுரை கிளம்புகிறது. தணல் உள்ள குச்சியைக் குழாயின் வாயருகே பிடித்தால் அது மீண்டும் பற்றி எரிகிறது. வெளியேறுவது ஆக்சிஜன் என்பதற்கு அதுவே சான்று. நுரை அடங்கியபின் தூளை வடிகட்டி, காயவைத்து நிறுத்துப் பாருங்கள். போட்ட எடை அப்படியே இருக்கும்.

அந்தத் தூள்தான் வினையூக்கி. பள்ளியில் 'மங்கின்' என்று மலாய் மொழியில் படித்திருப்பீர்கள். வினையை விரைவுபடுத்தும், ஆனால் தான் தீர்ந்துபோகாது.

இதே சோதனையைத் தூளுக்குப் பதிலாக ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கையோ கோழி ஈரலையோ போட்டும் செய்யலாம். அப்போதும் நுரைக்கும். ஏனென்றால் உயிரணுக்களுக்குள்ளும் வினையூக்கிகள் உண்டு. அவற்றை நொதிகள் என்கிறோம். உங்கள் பாடநூலில் 'என்சைம்'.

ஒரு நொதி கெட்டுப்போனால் என்ன ஆகும்? அது செய்ய வேண்டிய வேலை நின்றுபோகும். அதனால் நோய் வரும். இப்படித்தான் யாரும் பதில் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன், மிகக் கொடிய நரம்பு நோய் ஒன்றின் வேரைக் கண்டுபிடித்த அறிவியலாளர்களும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். உண்மை வேறு விதமாக இருந்தது.

மலையைக் குடையாமல் ஒரு குறுக்கு வழி

முதலில் வினையூக்கியைச் சரியாகப் புரிந்துகொள்வோம். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போக வேண்டும் என்று வையுங்கள். நடுவில் மலை. உச்சி வரை ஏறி இறங்க வேண்டுமென்றால் மிகச் சிலரே போவார்கள். மலையின் தாழ்வான பகுதி வழியாக ஒரு பாதை அமைத்துவிட்டால் நிறையப் பேர் போகலாம். புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறவில்லை. ஏற வேண்டிய உயரம் மட்டும் குறைந்தது. வேதிவினையில் அந்த உயரத்திற்கு ஊக்க ஆற்றல் என்று பெயர். வினையூக்கி, அந்த உயரத்தைக் குறைக்கும் மாற்றுப் பாதை.

இந்தத் துறையில் நம் பினாங்கிற்கும் ஒரு பங்கு உண்டு. 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை, அதாவது யு.எஸ்.எம்.மை, ஜெலுகோர் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்குள்ள வேதியியல் அறிவியல் கல்விப் பிரிவில் பேராசிரியர் ஃபாரூக் ஆடமும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்ட மூலப்பொருள், அரிசி ஆலைகள் வெளியே கொட்டும் உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. கண்ணாடிக்கும் மணலுக்கும் அடிப்படையான அதே பொருள்தான்.

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிகாவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. அதைக் காரத்தில் கரைத்து, பிறகு அமிலம் சேர்த்தால் நுண்துளைகள் நிறைந்த வெள்ளைச் சிலிகா கிடைக்கும். அதன் பரப்பில் உலோக அணுக்களையோ கரிமச் சேர்மங்களையோ பொருத்தினால் அது திண்ம வினையூக்கி ஆகிவிடுகிறது. வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஃபாரூக் ஆடம், ஜிம்மி நெல்சன் அப்பாதுரி, அன்வார் இக்பால் ஆகிய மூவரும் இத்தகைய உமிச் சிலிகா வினையூக்கிகளைப் பற்றி 2012-இல் விரிவான தொகுப்புக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பேராசிரியர் சுபாஷ் பாட்டியா, ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தை வினையூக்கியாகக் கொண்டு செம்பனை எண்ணெயைப் பெட்ரோல் போன்ற எரிபொருளாக மாற்றும் ஆய்வுகளில் ஈடுபட்டவர்.

இவையெல்லாம் குடுவையிலும் உலையிலும் நடக்கும் வேதியியல். இதே வேதியியல் முதுகுத் தண்டிற்குள் நடந்தால்?

உடல் அசையாது, அறிவு விழித்திருக்கும்

நீங்கள் கால் கட்டைவிரலை அசைக்க நினைக்கிறீர்கள். மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை முதுகுத் தண்டிற்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பணு அதை வாங்கித் தசைக்குக் கொண்டுபோகிறது. தசைகளை இயக்கும் இந்த அணுக்களுக்கு இயக்க நரம்பணுக்கள் என்று பெயர். பாதம் வரை போகும் அணுவின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஒற்றை அணு, ஒரு மீட்டர்!

இயக்க நரம்பணு நோயில் இந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை வராத தசை மெலிகிறது. முதலில் சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருக்கலாம், அல்லது நடக்கும்போது கால் தடுக்கலாம், பேச்சு குழறலாம். பிறகு விழுங்குவதும் மூச்சு விடுவதும் கடினமாகின்றன. அறிகுறி தோன்றியதிலிருந்து பலருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்வு. பார்வையும் செவியும் தொடு உணர்வும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பலருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். தன் உடல் ஒவ்வோர் அடியாக நின்றுபோவதை அவர்கள் முழு விழிப்போடு பார்க்கிறார்கள். இந்நோயின் கொடுமை அதுதான்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963-இல், 21 வயதில், இந்நோய் இருப்பது தெரியவந்தது. அவர் 2018 வரை வாழ்ந்தார். அவ்வளவு மெதுவாக நோய் முற்றுவது மிக அரிது.

இந்நோய்க்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. சென்னையில் இளம் வயதினரிடம் காணப்பட்ட இந்த வடிவத்தை மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-இல் விவரித்தார்கள். கை கால் மெலிவோடு, முகத் தசைத் தளர்ச்சியும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வரும்; நோய் மெதுவாகவே முற்றும். பெரும்பாலும் தென்னிந்தியர்களிடமே இது பதிவாகியுள்ளது. நோயாளிகளைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பு எழுதிய மருத்துவர்களால்தான் ஒரு நோய்க்குள் இன்னொரு நோய் இருப்பது உலகிற்குத் தெரியவந்தது.

மரபணுவில் கிடைத்த துப்பு

இயக்க நரம்பணு நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 பேருக்கு அது குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது. தாத்தா, அப்பா, மகள் என்று வழிவழியாக நோய் வந்தால், எங்கோ ஒரு மரபணு காரணமாக இருக்க வேண்டும். 1991-இல் அது 21-ஆம் குரோமோசோமில் இருப்பதாகத் தெரிந்தது. 1993-இல் அமெரிக்காவின் ராபர்ட் பிரவுன், தீப்பு சித்திக் உள்ளிட்ட பெரிய ஆய்வுக் குழு அந்த மரபணுவையே கண்டுபிடித்தது. 13 குடும்பங்களில் 11 விதமான பிழைகள் அதில் காணப்பட்டன. அந்த மரபணு உருவாக்கும் பொருள் ஒரு நொதி. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாக எஸ்.ஓ.டி.1.

இந்த நொதி என்ன செய்கிறது? நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி, உயிரணுவிற்குள் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டு சூப்பராக்சைடு ஆகிறது. அதை அப்படியே விட்டால் அணுவின் பாகங்களைத் தாக்கும். எஸ்.ஓ.டி.1 நொதியின் நடுவே ஒரு செம்பு அணு இருக்கிறது. முதல் சூப்பராக்சைடு வந்ததும் செம்பு அதன் கூடுதல் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது; சூப்பராக்சைடு மறுபடி ஆக்சிஜனாகிவிடுகிறது. இரண்டாவது சூப்பராக்சைடு வந்ததும், வாங்கிய எலக்ட்ரானைச் செம்பு அதனிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டு ஹைட்ரஜன் அயனிகளும் சேர, அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. செம்பு பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே போய்வரும் ஃபெர்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் ஆளை ஏற்றுகிறது, அக்கரையில் இறக்குகிறது, மறுபடி இக்கரைக்கு வருகிறது. ஃபெர்ரி தீர்ந்துபோவதில்லை. ஆனால் வேகம் மட்டும் வேறு. நொதி இல்லாமல் தானாக நடப்பதைவிட எஸ்.ஓ.டி.1 இந்த வினையைப் பல்லாயிரம் மடங்கு வேகமாக நடத்துகிறது. இதில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை வேறு நொதிகள் உடைத்துவிடுகின்றன. ஈரல் துண்டைப் போட்டதும் நுரைத்ததே, அதைச் செய்தது கேட்டலேஸ் என்ற அப்படிப்பட்ட ஒரு நொதிதான்.

இந்த நொதியின் வேலையை ஜோ மெக்கார்டும் எர்வின் ஃபிரிடோவிச்சும் அமெரிக்காவில் கண்டறிந்தது 1969-இல். நம் பினாங்கில் யு.எஸ்.எம். பிறந்த அதே ஆண்டு.

தெளிவான விடை, தவறான விடை

ஆக, 1993-இல் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றியது. மரபணுவில் பிழை. அதனால் வினையூக்கி வேலை செய்யவில்லை. அதனால் சூப்பராக்சைடு பெருகி நரம்பணுக்களைக் கொல்கிறது. எவ்வளவு அழகான விளக்கம்!

ஆனால் அறிவியலில் அழகு போதாது. விளக்கம் சரியென்றால் அதிலிருந்து சில முடிவுகள் வர வேண்டும். அவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை 1994-இல் வெளிவந்தது. எலிகளுக்குச் சொந்தமான நல்ல எஸ்.ஓ.டி.1 மரபணுவை அப்படியே விட்டுவிட்டு, அதோடு பிழையுள்ள மனித மரபணுவையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். புரதத்தின் 93-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். அங்கே அலனின் இருந்தது. அவ்வளவுதான் பிழை. இந்தப் பிழையுள்ள நொதி வினையூக்கியாக நன்றாகவே வேலை செய்யும். அதனால் அந்த எலிகளின் உடலில் நொதியின் செயல்பாடு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. இருந்தும் அவற்றுக்கு நோய் வந்தது. கால்கள் செயலிழந்தன.

இரண்டாவது சோதனை 1996-இல். இம்முறை எலிகளிடமிருந்து எஸ்.ஓ.டி.1 மரபணுவையே நீக்கிவிட்டார்கள். நொதி அறவே இல்லை. முதல் விளக்கம் சரியென்றால் இவற்றுக்குத்தான் நோய் கடுமையாக வந்திருக்க வேண்டும். ஆனால் அவை இயல்பாக வளர்ந்தன. நரம்பில் காயம் ஏற்பட்டால் மீள்வது கடினமாக இருந்தது. ஆயினும் இயக்க நரம்பணு நோய் வரவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நொதி வேலை செய்தும் நோய் வந்தது. நொதியே இல்லாதபோது நோய் வரவில்லை. அப்படியானால் நோய்க்குக் காரணம் நொதி தன் வேலையைச் செய்யாதது அல்ல. பிழையுள்ள நொதி புதிதாக ஏதோ ஒரு தீங்கைச் செய்கிறது.

பிரிந்துபோன பொட்டலம்

அந்தத் தீங்கு எது? விடை புரதத்தின் வடிவத்தில் இருக்கிறது. எஸ்.ஓ.டி.1 என்பது 153 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. சங்கிலியாக மட்டும் இருந்தால் அது நொதி ஆகாது. அது சரியாக மடிய வேண்டும். ஒரு துத்தநாக அணுவும் ஒரு செம்பு அணுவும் அதில் அமர வேண்டும். சங்கிலியின் இரண்டு இடங்களை ஒரு கந்தகப் பிணைப்பு இறுக்க வேண்டும். கடைசியில் இரண்டு சங்கிலிகள் இணைந்து ஜோடியாக வேண்டும். இந்தப் படிகளில் எங்கேனும் இடறினால் மடிப்பு தளர்கிறது.

காலையில் கடையில் அடுக்கி வைத்திருக்கும் நாசி லெமாக் பொட்டலங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒழுங்காக மடித்தவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். ஒன்று மட்டும் மடிப்பு பிரிந்துவிட்டால், உள்ளே இருக்கும் சோறும் சம்பலும் பக்கத்துப் பொட்டலத்தில் ஒட்டிக்கொள்ளும். மடிப்பு தளர்ந்த எஸ்.ஓ.டி.1 புரதமும் இப்படித்தான். உள்ளே மறைந்திருக்க வேண்டிய பகுதிகள் வெளியே தெரிகின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரள்கின்றன. நோயாளிகளின் நரம்பணுக்களில் இத்தகைய திரள்களைக் காணலாம். எல்லா அணுக்களிலும் இருக்கும் இந்தப் புரதம் இயக்க நரம்பணுக்களை மட்டும் ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பது இன்னும் முழுமையாக விடை கிடைக்காத கேள்வி.

புரதம் எப்படி மடியலாம், எப்படி மடிய முடியாது என்பதற்கான அடிப்படை வரைபடத்தை உலகிற்குத் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அங்கு ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்' கொண்டுதான் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள்.

இரண்டு துறை, ஒரே மேசை

இப்போது இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்திற்குப் போவோம். அங்கு மூலக்கூறு உயிரியற்பியல் பேராசிரியரான சமர் ஹஸ்னைனின் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால், இரண்டு தலைப்புகள் மாறி மாறி வரும். ஒன்று, இயக்க நரம்பணு நோய். மற்றொன்று, செம்பு உள்ள நொதிகள் எப்படி வினையூக்குகின்றன என்பது. தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவை ஏன் ஒருவர் மேசையில் இருக்கின்றன என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: செம்பு அணுவைச் சுற்றிப் புரதம் எப்படி அமைந்திருக்கிறது?

அதைப் பார்க்கப் புரதத்தைப் படிகமாக்கி, மிகத் திறன் வாய்ந்த எக்ஸ் கதிர்களை அதில் செலுத்துகிறார்கள். சிதறும் கதிர்களின் கோலத்தைக் கணக்கிட்டால் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஹஸ்னைன், ஸ்வெத்லானா அன்டோன்யுக் ஆகியோரின் குழு 2016-இல் ஒரு படி மேலே போனது. நைட்ரைட் ரிடக்டேஸ் என்ற பாக்டீரியா நொதியின் ஒரே படிகத்தை அடுத்தடுத்துப் படம் பிடித்து, வினை நடப்பதை ஒரு திரைப்படம் போலத் தொகுத்தார்கள். நீர் தேங்கிய வயல் மண்ணில், உரமாகப் போட்ட நைட்ரஜன் காற்றில் போய்விடுவதற்கு இத்தகைய நொதிகளும் ஒரு காரணம்.

இதே முறையில் எஸ்.ஓ.டி.1 புரதத்தையும் ஆராய்ந்தபோது, எப்செலன் என்ற செலினியச் சேர்மம் அதன் 111-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனில் ஒட்டிக்கொள்வது தெரிந்தது. அந்த இடம் ஜோடி சேரும் எல்லைக்கு அருகில் உள்ளது. பிரியும் பொட்டலத்திற்குப் போட்ட ஈர்க்குச்சி போல, எப்செலன் பிழையுள்ள புரதத்தின் ஜோடியைப் பிடித்து வைக்கிறது. புரதம் முழுமையாக உருவாகவும் உதவுகிறது. 2018-இலும் 2020-இலும் இது பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. இன்னொரு வியப்பு: எப்செலனே ஒரு வினையூக்கி. பெராக்சைடுகளை உடைக்கும் நொதி ஒன்றைப் போலவே அது செயல்படக்கூடியது. ஆனால் இது ஆய்வுக்கூட நிலையில் உள்ள வேலை, இந்நோய்க்கு மருந்தாகிவிடவில்லை.

விளக்கம் மாறினால் மருந்தும் மாறும்

நோயின் காரணத்தைச் சரியாக அறிவது வெறும் ஏட்டு விவகாரம் அல்ல. முதல் விளக்கத்தை நம்பியிருந்தால் நோயாளிக்கு அந்த நொதியைக் கூடுதலாகக் கொடுக்க முயன்றிருப்பார்கள். இரண்டாவது விளக்கத்தின்படி செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்: பிழையுள்ள நொதியைக் குறைக்க வேண்டும், அல்லது அது பிரியாமல் பிடித்து வைக்க வேண்டும்.

குறைக்கும் வழியில் வந்ததுதான் டோஃபர்சன். மரபணு அனுப்பும் செய்தியை இடையிலேயே மறித்து, எஸ்.ஓ.டி.1 புரதம் உருவாவதைக் குறைக்கும் மருந்து அது. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. 108 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. புரதத்தின் அளவு குறைந்தது. நரம்பு சேதத்தைக் காட்டும் இரத்த அடையாளமும் குறைந்தது. ஆனால் முதல் 28 வாரங்களில் உடல் இயக்கத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. அந்த அடையாளம் குறைந்ததை அடிப்படையாகக் கொண்டு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இங்கே அளவறிந்து மகிழ வேண்டும். இயக்க நரம்பணு நோயாளிகள் எல்லாரையும் கணக்கெடுத்தால் எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். மற்றவர்களுக்கு டோஃபர்சன் பயன்படாது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் என்ற மருந்து வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. மூச்சுக்கும் உணவுக்கும் பேச்சுக்கும் துணைசெய்யும் கருவிகளும் பராமரிப்பும் இன்றும் பெரிய உதவி.

'ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை, நரம்பு நோய் எல்லாம் போகும்' என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தால், நீங்கள் படித்த இந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஈ-யைக் கொடுத்து நடத்திய சோதனைகளில் இந்நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. எடராவோன் என்ற ஒரு மருந்து அந்த வழியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது உண்மை. அதுவும் சில நோயாளிகளிடம் காட்டிய மிதமான பலனை வைத்துத்தான். 'கேட்க நியாயமாக இருக்கிறது' என்பதும் 'சோதித்துப் பார்த்தோம்' என்பதும் ஒன்றல்ல.

படிவம் நான்கில் வேதியியலையும் உயிரியலையும் தனித்தனிப் புத்தகங்களாகத்தான் படிப்பீர்கள். உமிச் சாம்பலில் வினையூக்கி செய்பவருக்கும், நரம்பணுவில் வினையூக்கியை ஆராய்பவருக்கும் தேவைப்படும் அடிப்படைப் பாடம் மட்டும் ஒன்றே. ஓர் உலோக அணு எலக்ட்ரானை எப்படி வாங்குகிறது, எப்படிக் கொடுக்கிறது, சுற்றியிருப்பவை அதற்கு எப்படித் துணை நிற்கின்றன என்பதே அது.

செய்து பாருங்கள்: ஆசிரியரின் மேற்பார்வையில், ஒரே அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள இரண்டு சோதனைக் குழாய்களை எடுங்கள். ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டையும் மற்றொன்றில் வேகவைத்து ஆறிய துண்டையும் போடுங்கள். நுரையின் உயரத்தை அளந்து குறியுங்கள். வேகவைத்த துண்டில் அதே புரதச் சங்கிலிகள்தான் இருக்கின்றன. இருந்தும் நுரை ஏன் வரவில்லை? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.